சங்கங்குப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்கள், உப்புக்காற்றுக்குத் தாங்குகிற வேலி தேடுகிறவர்கள், மூலிகை தேடுகிறவர்கள் என இந்தச் செடியைப் பற்றி மூன்று தரப்பினர் விசாரிக்கிறார்கள். சந்தேகங்கள் என்னவோ திரும்பத் திரும்ப அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். முதலில் செடியை அடையாளம் காண்பது, பிறகு நடுவது, அதன்பின் சிக்கலான விஷயங்கள் என்று வரிசை போகும்.

சங்கங்குப்பின்னா எந்தச் செடி? கடற்கரைப் பக்கம் பார்த்திருப்பேன், பேர்தான் தெரியல.

பார்த்திருப்பீர்கள். உப்பங்கழி ஓரம், உப்பளத்து வரப்பு, இறால் பண்ணைக் கரை, அலையாத்திக் காட்டில் சேறு முடிந்து மேடு தொடங்குகிற விளிம்பு ஆகிய இடங்களில் புதராகச் சாய்ந்து கிடக்கும். பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு என்று நம் கடலோரம் நெடுக உண்டு. இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இதன் இயற்கைப் பரப்பு நீள்கிறது. ஒன்று முதல் மூன்று மீட்டர் உயரம் வரும். சாய்ந்துகொள்ள மரமோ சுவரோ கிடைத்தால் அதற்கு மேலும் ஏறும்.

இலை எதிரெதிராக இருக்கும். சில கிளைகளில் ஒரே கணுவில் மூன்று இலைகளும் வரும். நீளம் 3 முதல் 8 செ.மீ.; விளிம்பில் பல் கிடையாது; மேற்புறம் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். கசக்கி முகர்ந்தால் நல்ல வாசனை எதுவும் வராது. பீச்சங்கு, பீநாறிச் சங்கு என்ற பெயர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பூ வெள்ளை, அதிலிருந்து கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பில் நான்கு மீசைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மீசையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பம் வராது.

சங்குப்பூ, முட்சங்கு, சங்கங்குப்பி எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. சங்குப்பூ என்பது காக்கட்டான். அவரை இனத்துக் கொடி, நீலப்பூ, காய் தட்டையாக இருக்கும். முட்சங்கு என்பது இசங்கு; சங்கஞ்செடி என்றும் சொல்வார்கள். அதற்குக் கணுவுக்குக் கணு ஊசிபோல் முள் இருக்கும். பழம் வெள்ளையாக உருண்டிருக்கும். இசங்கும் கடலோரப் புதர்தான், பல இடங்களில் சங்கங்குப்பிக்குப் பக்கத்திலேயே வளரும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கையால் தண்டைத் தடவிப் பாருங்கள். முள் குத்தினால் அது சங்கங்குப்பி இல்லை. இதன் தாவரவியல் பெயரில் வரும் ‘இனெர்மிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே ‘ஆயுதம் இல்லாதது’, அதாவது முள் இல்லாதது என்றுதான் பொருள்.

நாட்டு மருந்துக்காரர் தழுதாழைன்னு கொடுத்தார். அதுவும் இதுவும் ஒரே செடியா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒரே செடி அல்ல. தழுதாழை உள்நாட்டு வறண்ட நிலத்துக்காரி. அதன் இலை மங்கலாக இருக்கும், மெல்லிய ரோமம் உண்டு, விளிம்பு நெளிந்தோ பல்லோடோ இருக்கும். சங்கங்குப்பி இலை வழவழப்பானது, விளிம்பு நேரானது. வாத நோய்க்கு ஒற்றடம் என்று வழக்கத்தில் பேசப்படுவது தழுதாழை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு புத்தகத்துல கிளெரோடென்ட்ரம்னு இருக்கு, இன்னொண்ணுல வோல்காமெரியான்னு இருக்கு. எது சரி?

இப்போது ஏற்கப்படுவது வோல்காமெரியா இனெர்மிஸ். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயரும் இதுவே. 1788-ல் கார்ட்னர் என்ற தாவரவியலாளர் இதைக் கிளெரோடென்ட்ரம் பேரினத்துக்கு மாற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரே புழங்கியது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுக்குப் பின், 2010-ல் பழைய பெயருக்கே திரும்பினார்கள். குடும்பமும் மாறிவிட்டது: முன்பு வெர்பினேசியே, இப்போது துளசி இருக்கிற லேமியேசியே.

இது வெறும் பெயர்த் தகராறு மாதிரித் தெரிந்தாலும் நர்சரியில் காசு நஷ்டமாகிற விஷயம். ‘கிளெரோடென்ட்ரம் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால், வெள்ளைப் பைக்குள் சிவப்புப் பூ தொங்கும் அலங்காரக் கொடியோ, அடுக்கடுக்காகச் செந்நிறத்தில் பூக்கும் கிருஷ்ண கிரீடமோ கைக்கு வரும். அந்த இரண்டையும் கடலைப் பார்த்த திறந்த வெளியில் வைத்தால் உப்புக்காற்றில் கருகிவிடும். ‘வேலிக்கு வெட்டி விடுற இனெர்மி’ என்று கேளுங்கள். பூங்காக்களில் கம்பிக் கூட்டின்மேல் யானையாகவும் மயிலாகவும் வெட்டி நிறுத்தியிருப்பது பெரும்பாலும் இதைத்தான் என்பதால் நர்சரிக்காரருக்குப் புரிந்துவிடும்.

பூ எந்த மாசம் வரும்? வாசனை இருக்குமா?

தண்ணீர் இருந்தால் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் பூக்கும். மழை பெய்து புதுத் துளிர் ஓடியபின் அதிகம் பூக்கும். வாசனை மெல்லியது. மல்லிகையை நினைத்துக்கொண்டு நட்டால் ஏமாற்றம்தான்.

ஆனால் பூவைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது வீண்போகாது. இலைக் கக்கத்திலிருந்து ஒரு காம்பு வந்து, பெரும்பாலும் மூன்று மொட்டாகப் பிரியும். மலர்ந்த பூவில் இரண்டு, மூன்று செ.மீ. நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் குழல், அதன் வாயில் ஐந்து இதழ் மடல்கள். முதலில் நான்கு மகரந்தத் தாள்களும் நேராக நீட்டி நிற்கும். சூல்தண்டு ஓரமாக வளைந்து ஒதுங்கியிருக்கும். மகரந்தம் தீர்ந்ததும் தாள்கள் சுருண்டு கீழே போகும், சூல்தண்டு நிமிர்ந்து அதே இடத்துக்கு வரும், அதன் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுவதை இப்படித்தான் தவிர்க்கிறது. ஒரே கொத்தில் இரண்டு நிலையிலும் உள்ள பூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ‘ஒரே செடியில ரெண்டு வகைப் பூ வருதே’ என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். தேன் நீண்ட குழலின் அடியில் இருப்பதால் நீள உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் தேடி வரும்.

கடல் தண்ணி ஏறுற இடத்துல நடலாமா?

எப்போதாவது ஏறி இறங்கினால் நடலாம். தேங்கி நிற்கிற இடம் என்றால் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கழி நீர் ஏறி, அன்றே வடிந்துவிடுகிற மேட்டு விளிம்புதான் இதன் சொந்த இடம். நாள்கணக்கில் உப்புநீர் நிற்கும் சேற்றில் அலையாத்தி வாழும், கழிமுள்ளி வாழும், இது அழுகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: உப்பைத் தாங்குவது வேர் பிடித்த செடி. புதிதாக நட்ட செடிக்கு முதல் இரண்டு, மூன்று மாதம் நல்ல தண்ணீர் வேண்டும். ‘உப்புத்தண்ணிச் செடிதானே’ என்று முதல் நாளே உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதால்தான் பாதிப் பேருக்கு இது போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து உவர் நீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பித்து, போகப் போகக் கூட்டலாம்.

எங்க ஊர் கடல்ல இருந்து ரொம்ப தூரம். செம்மண். வருமா?

வரும். உப்பைத் தாங்குமே தவிர உப்பு இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. வெயில் நன்றாகப் பட வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நிழலில் வைத்தால் கிளைகள் ஒல்லியாக நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, வேலி சல்லடையாகிவிடும்.

அலையாத்திக் காட்டுப் பக்கம் நிறைய இருக்கே. நாலு குச்சி ஒடிச்சிட்டு வந்தா என்ன?

வேண்டாம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் காப்புக்காடுகள். அங்கே செடி வெட்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளிலும் அலையாத்திப் பகுதிக்குத்தான் மிகக் கடுமையான பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள், தேவையும் இல்லை. வேலிக்கு வளர்க்கிற வீட்டிலோ தோட்டத்திலோ கேட்டால், வெட்டித் தூக்கிப் போடுகிற கிளையே ஒரு கட்டு கிடைக்கும்.

விதை போடலாமா, குச்சி நடலாமா, பதியனா?

குச்சிதான். விதை முளைக்க நாளாகும், வரும் செடிகளும் ஒரே சீராக இருக்காது. காய் ஒன்று, ஒன்றரை செ.மீ. இருக்கும். முற்றிக் காய்ந்தால் நான்கு துண்டாகப் பிரியும். சதை பஞ்சுத் தக்கை மாதிரி இருப்பதால் கடலில் மிதந்து போய் எங்கோ கரை ஒதுங்கி முளைக்கிற காய் அது. தோட்டக்காரரின் அவசரத்துக்கு ஏற்றதல்ல.

குச்சிக்கு இளந்துளிரும் வேண்டாம், பழுப்பேறிய முதிர்கட்டையும் வேண்டாம். பச்சை மாறிச் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கிய பென்சில் பருமன் கிளையில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள், நான்கு கணுவாவது இருக்கட்டும். அடி வெட்டு கணுவுக்குக் கீழே சாய்வாக, மேல் வெட்டு நேராக இருந்தால் எது தலை, எது கால் என்று பிறகு குழம்பாது. கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். மணல் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரமோ மக்கிய நார்க்கழிவோ ஒரு பங்கு கலந்த பையில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். பச்சை நார்க்கழிவு வேண்டாம்; அதில் உப்பும் துவர்ப்பும் இருப்பதால் வேர் முனையைச் சுட்டுவிடும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும்.

பதியனும் எளிது. தாழ்ந்த கிளையை மண்ணில் அழுத்தி ஒரு கல்லை வைத்தால் தானே வேர்விடும். ஆனால் பத்துச் செடிக்கு மேல் வேண்டுமென்றால் பதியன் போட்டு மாளாது. காலக்கணக்கு: ஆவணியில் குச்சி வைத்து, ஐப்பசி மழையில் நிலத்தில் நடுவது கிழக்குக் கடலோரத்துக்குப் பொருந்தும். கத்திரி வெயிலில் ஆரம்பிக்காதீர்கள்.

குச்சி எல்லாம் பத்து நாள்ல துளிர்த்துச்சு. சந்தோஷமா எடுத்து நட்டேன், ஒரு வாரத்துல எல்லாம் கருகிடுச்சு. ஏன்?

துளிர் வந்தது வேர் வந்ததற்கு அடையாளம் இல்லை. குச்சிக்குள் சேர்த்து வைத்திருக்கும் சத்தைக் கொண்டே முதல் துளிர் வரும். அந்த நேரத்தில் பிடுங்கி நட்டால் துளிர் தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது.

குச்சியை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் வேர் இல்லை. பிடித்து நின்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். இரண்டாவது அடுக்கு இலை விரிந்து, பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரியும்போது வெளியே எடுக்கலாம். அப்போதும் நேரே வெயிலுக்குக் கொண்டுபோகாமல், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பிறகு நடுங்கள். அடி கறுத்து வழவழவென்று அழுகியிருந்தால் காரணம் வேறு: தண்ணீர் அதிகம், அல்லது மண்ணில் மணல் போதவில்லை.

வேலிக்கு எத்தனை செடி வாங்கணும்? எவ்வளவு இடைவெளி?

ஒற்றை வரிசை என்றால் 30 செ.மீ.க்கு ஒன்று. 10 மீட்டர் நீளத்துக்கு 34 செடி. பழுதாகப் போவதற்கு நாலைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடு புகாத அடர்த்தி வேண்டுமென்றால் இரட்டை வரிசை: வரிசைக்குள் 45 செ.மீ., வரிசைகளுக்கிடையே 30 செ.மீ., எதிரெதிராக வராமல் மாறி மாறி. அதே 10 மீட்டருக்கு 46 ஆகும்.

ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி தோண்டுவதைவிட 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரே வாய்க்காலாக வெட்டுவது நல்லது. கடற்கரை மணலில் தண்ணீரும் உரமும் சல்லென்று கீழே இறங்கிவிடும். அதனால் எடுத்த மண்ணோடு மக்கிய உரத்தை மூன்றுக்கு ஒன்று கலந்து திரும்ப நிரப்புங்கள். மதிற்சுவரை ஒட்டி வைக்கிறவர்கள் சுவரிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் வெட்டக் கை போகாது, அந்தப் பக்கக் கிளை எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போகும், சண்டை உங்கள் வீட்டுக்கு வரும்.

மேல புசுபுசுன்னு இருக்கு, அடியில வெறும் குச்சியா நிக்குது. என்ன தப்பு பண்ணேன்?

இரண்டு தப்பில் ஒன்று, அல்லது இரண்டுமே. முதலாவது, சின்னச் செடியாக இருந்தபோது வெட்டாமல் விட்டது. மூன்று அடி வளரட்டும், அப்புறம் வெட்டலாம் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: நட்டு வேர் பிடித்தவுடன் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தலையைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு, மூன்று கிளை வரும். அவை ஒரு சாண் வளர்ந்ததும் பாதியாக வெட்டுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்து மேலே ஏற்றினால்தான் அடி அடர்த்தியாக இருக்கும். வேலி உயர ஓராண்டு கூடுதலாகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது, மேல்பக்கத்தை அகலமாக விட்டது. மேலே அகலம், கீழே குறுகல் என்று வெட்டினால் அடிக்கு வெயில் கிடைக்காமல் இலை உதிரும். அடி 60 செ.மீ., உச்சி 45 செ.மீ. என்று உள்பக்கமாகச் சற்றே சாய்த்து வெட்டுங்கள். கண்ணளவில் வேண்டாம், இரண்டு முனையிலும் கழி நட்டுக் கயிறு கட்டுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன வேலியைத் திருத்தலாம். மழை தொடங்கும் சமயம் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு மொத்தமாக அறுத்துவிடுங்கள். பார்க்க வயிற்றைக் கலக்கும், ஆனால் பழைய கட்டையிலிருந்தே துளிர் வரும். பிறகு மேலே சொன்ன கிள்ளும் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். கோடையில் இதைச் செய்தால் கட்டை காய்ந்துவிடும்.

வேலி ஜோரா இருக்கு, ஆனா ஒரு பூ கூட இல்ல. உரம் போடணுமா?

உரத்தால் ஆகாது. பூ வருவது புதுக் கிளையின் நுனிப் பக்கத்து இலைக் கக்கங்களில். மாதம் ஒருமுறை கத்தரியால் மட்டம் தட்டினால் பூக்க வேண்டிய பகுதியைத்தான் வெட்டித் தள்ளுகிறீர்கள். தழைச்சத்து அதிகம் போட்டால் இலைதான் இன்னும் தள்ளும்.

இந்தச் செடியில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: சுவர் மாதிரி வேலி வேண்டுமா, பூ வேண்டுமா? இரண்டும் ஒரே செடியில் முழுசாகக் கிடைக்காது. நடுவழி வேண்டுமென்றால் தெருப்பக்கத்தை ஒழுங்காக வெட்டி, உள்பக்கத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தொடுங்கள். அல்லது வரிசைக் கோடியில் ஒரு செடியைப் புதராகவே விட்டுவிடுங்கள். இரண்டு மீட்டர் இடம் எடுத்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சிக்காக நடுகிறவர்கள் வேலி என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

ஆடு மாடு கடிக்குமா?

பொதுவாகச் சீண்டாது. இலையின் கசப்புதான் காரணம். கிளெரோடேன் என்று ஒரு கசப்புச் சேர்மக் குடும்பமே இந்த உறவுச் செடிகளின் பெயரால் அழைக்கப்படுகிறது. பல பூச்சிகளுக்கும் அது பிடிக்காது. ஆனால் நட்ட புதிதில் ஆடு தின்னாவிட்டாலும் மிதிக்கும், பிடுங்கிப் பார்த்துத் துப்பும். முதல் ஆறு மாதம் முள்ளோ வலையோ கட்டி வையுங்கள்.

கணுவுல எல்லாம் வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, இலை மேல கறுப்பா மசி படிஞ்சிருக்கு.

வெள்ளையாக இருப்பது மாவுப்பூச்சி. கறுப்பு, அது வடிக்கும் இனிப்பு நீரின்மேல் வளரும் பூஞ்சை. இரண்டு நோய் அல்ல, ஒன்றுதான். மாவுப்பூச்சி போனால் மசியும் தானாகக் காய்ந்து உதிரும். மேலே சொன்ன கசப்பு, சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சியிடம் செல்லுபடியாவதில்லை.

முதலில் அதிகம் அப்பியிருக்கும் நுனிகளை வெட்டி எரியுங்கள். வெட்டியதைக் குப்பையில் போட்டால் பூச்சி நடந்து திரும்ப வரும். அடுத்து, குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவைக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலக்கும் அளவுக்குக் கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கமும் கணுவும் நனைய அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. கழுவாமல் அடித்தால் மாவின்மேல் மருந்து உருண்டு ஓடிவிடும். ‘வேப்பெண்ணெய் வேலை செய்யல’ என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டியவர்கள். எறும்புச் சாரியையும் கவனியுங்கள். இனிப்பு நீருக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டும்.

மஞ்சளும் பச்சையுமா நூல் மாதிரி ஒரு கொடி, இலையே இல்ல, செடியை மூடிடுச்சு.

கொத்தான். கடலோர வேலிகளில் சகஜம். மண்ணில் வேர் வைக்காது; உறிஞ்சு உறுப்புகளைத் தண்டுக்குள் செலுத்திச் சாற்றைக் குடிக்கும். மேலே இருப்பதை மட்டும் உருவி எறிந்தால், தண்டில் ஒட்டியிருக்கும் துண்டுகளிலிருந்து மறுபடி வளரும். அது சுற்றியிருக்கும் கிளையையும் சேர்த்து, ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டுங்கள். சிறு உருண்டைக் காய் பிடிப்பதற்கு முன் செய்துவிட வேண்டும். வெட்டியதை அடுத்த செடிமேல் போடாதீர்கள், காய்வதற்குள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

மாடித் தொட்டியில வைக்கலாமா?

வைக்கலாம். 12 அங்குலத் தொட்டி போதும். குச்சி, கிள்ளுதல் எல்லாம் மேலே சொன்னபடியே. ஆண்டுக்கு ஒருமுறை வேர்ப்பந்தில் வெளிப்பக்கம் இரண்டு விரல் தடிமன் சீவி, புது மண் நிரப்புங்கள். கட்டை தடித்து, வெட்டுக்கு உடனே துளிர்ப்பதால் குறுமரமாக வளர்க்கவும் பலர் எடுக்கிறார்கள்.

இலைச் சாறு குடிச்சா காய்ச்சல் போகும்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. பிரிட்டிஷ் காலத்து மருந்துச் செடிக் குறிப்புகளில் மலேரியா மருந்தான கொய்னா கிடைக்காத இடத்தில் இதன் இலை பயன்பட்டதாக உண்டு. சொறி சிரங்குக்கு இலையைக் கொதிக்க வைத்துக் குளிப்பதும் பழைய பழக்கம். ஆனால் இன்று காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. மலேரியாவா, டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று தெரியாமல் கசப்புச் சாறு குடித்து இரண்டு நாள் கடத்துவதில் ஆபத்து அந்த இரண்டு நாளில் இருக்கிறது.

‘தைவான்ல நரம்பு நோய்க்கே இதைக் கொடுத்தாங்களாம்’ என்ற செய்தியும் சுற்றுகிறது. அதன் மூலம் 2009-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பு. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத தசை வெட்டிழுப்பு (‘டிக்’ எனப்படும், தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு) இருந்த ஒரு சிறுமிக்கு இந்த இலைச் சாறு நன்றாக வேலை செய்தது என்று மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் இலையிலுள்ள ஹிஸ்பிடுலின் என்ற பொருளை எலிகளில் ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு நோயாளி, அதுவும் மருத்துவர் பார்வையில். வீட்டில் அரைத்துக் கொடுக்க அது அளவுச் சீட்டு ஆகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், தொடர்ந்து வேறு மருந்து சாப்பிடுபவர்கள் உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம். எடுக்க நினைப்பவர்கள் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செடியைக் காட்டிக் கேளுங்கள். முட்சங்கு, தழுதாழைக் குழப்பம் உயிரோடு விளையாடுவது இங்கேதான்.

மிளகாய்ச் செடிக்கு வைரஸ் வந்துடுச்சு. இந்த இலைச் சாறு அடிச்சா சரியாகுமா?

வந்த பிறகு ஆகாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருப்பதால்தான் விளக்க வேண்டியிருக்கிறது. இந்த இலையிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை நல்ல செடியின் இலையில் தடவினால் செடி முழுவதிலும் வைரஸை எதிர்க்கும் திறன் தூண்டப்படுகிறது என்று இந்திய விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய சொல் ‘நல்ல செடி’. சாறு வைரஸைக் கொல்வதில்லை. செடியை முன்கூட்டியே உஷார்ப்படுத்துகிறது. நோய் தாக்குவதற்கு முன் அடித்தால்தான் பொருள் உண்டு, அந்தத் தூண்டலும் கொஞ்ச நாளில் தணிந்துவிடும்.

இலை சுருண்டு மஞ்சளாகிவிட்ட மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் மஞ்சள் ஒட்டுப்பொறியால் பிடியுங்கள். இலைச் சாற்றைச் சோதித்துப் பார்க்க ஆசை என்றால் அடுத்த நாற்றங்காலில், பாதிக்கு அடித்து, பாதிக்கு அடிக்காமல் விட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடித்தால் பலன் சாற்றாலா, அந்தப் பருவத்தில் ஈ குறைந்ததாலா என்று தெரியாது.

இதை வரிசையா நட்டா கடல் அரிப்பு நிக்குமா?

நிற்காது. அலை மணலை அடியோடு வாரிக்கொண்டு போகிற இடத்தில் இரண்டு மீட்டர்ப் புதரால் ஒன்றும் செய்ய முடியாது; அது கரையோடு சேர்ந்து போகும். இது செய்வது வேறு வேலை. காற்றில் பறக்கும் மணலைப் புதருக்குள் பிடிக்கும், உப்புத் தூற்றலை வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் தென்னங்கன்றுக்கோ காய்கறிக்கோ மறைப்புக் கொடுக்கும், தரை தொட்ட கிளை வேர்விட்டு மேட்டு மண்ணை ஓரளவு இறுக்கும்.

அதனால் கடலுக்கு முதல் வரிசையில் இதை நிறுத்தாதீர்கள். அலைக்கு அருகே நகரும் மணலில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் ஏற்கெனவே இருக்கும், அவற்றைப் பிடுங்காமல் விடுங்கள். ‘சுத்தம் செய்கிறோம்’ என்று அவற்றை வழித்து எறிந்துவிட்டுப் பின்னால் வேலி நட்டவர்களுக்கு, அடுத்த கடற்காற்றிலேயே மணல் வேலியின் இடுப்பு வரை ஏறிவிடும். அவற்றுக்குப் பின்னால் மணல் மேடு நிலைத்து, பெரிய அலையும் எட்டாத இடத்தில் சங்கங்குப்பியை இரட்டை வரிசையாக வையுங்கள். அங்கே முதல் ஆண்டு கடல்பக்கம் மட்டும் ஓலைத் தட்டி கட்டி, புதர் தட்டியின் உயரத்தைத் தாண்டியதும் அதை எடுத்துவிடுங்கள்.